கம்மல் டப்பாவில் வந்த செவ்வாய் வண்டி

ஒன்பதாவது படிக்கும்போது உங்கள் பெயரை யாராவது பச்சை மையில் எழுதி, பக்கத்தில் "தேறாது" என்று போட்டிருக்கிறார்களா? இல்லை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர், ஓரமாக உட்கார்ந்து படியுங்கள். ஆமாம் என்றால் வாங்க, நீங்கள் நம்ம ஆள். நமக்கெல்லாம் தலை நரைத்தாயிற்று. பிள்ளைகளின் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் சின்ன பெஞ்சுக்குள் முட்டியை மடக்கி நுழைக்க முடியாமல் திண்டாடுகிற வயசு. ஆனாலும் அந்தப் பச்சை மையை நினைத்தால் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அது என்ன லிஸ்ட் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் நாங்கள் படித்த பள்ளியின் கேட்டுக்கு மேலே பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை பேனராகக் கட்டியிருப்பார்கள். நூறு சதவீதம் தேர்ச்சி. எப்படி நூறு வரும்? தேறாதவனைப் பத்தாவதுக்கே விடாவிட்டால் வரும். ஒன்பதாவது அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் எச்.எம். ஒரு பட்டியல் போடுவார். அதில் இருப்பவனுக்கு ஏப்ரலில் டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்து, "வேற ஸ்கூல்ல ட்ரை பண்ணுங்க" என்பார்கள். அவ்வளவுதான் கணக்கு. இதற்குப் பெயர் கல்வித்தரம்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் எங்கள் பி செக்‌ஷனில் ரெண்டே பேர் அந்த லிஸ்டில். ஒன்று நான், கணக்கிலும் இங்கிலீஷிலும் காலி. இன்னொன்று என் பெஞ்ச்மேட், இங்கிலீஷ், கணக்கு, சமூக அறிவியல் மூன்றிலும் காலி. ஆனால் அவன் கையில் பென்சில் கிடைத்தால் போதும், கோடு என்றால் அது கோடு. ஸ்கேல் இல்லாமலே நேராகப் போடுவான். அவனுடைய அண்ணன் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தான். அண்ணனுடைய டிராயிங் புத்தகத்தை மற்றவர்கள் சினிமாப் பத்திரிகை பார்ப்பதுபோல் இவன் புரட்டிக்கொண்டிருப்பான். அதற்கெல்லாம் மார்க் போட எங்கள் பள்ளியில் பாடம் இல்லையே, என்ன செய்வது.

பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு லெட்டர் கொடுத்தார்கள். அதை நான் நைனாவிடம் காட்டவே இல்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கோவில்பதாகையில் அவருடைய அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். நைனா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். தினமும் காலை ரயிலில் தொங்கிக்கொண்டு போய், சாயங்காலம் கட்டிங் ஆயில் நாற்றத்தோடு வருவார். "நம்ம பையன் ஆவடில பெரிய ஸ்கூல்ல படிக்கிறான்" என்று பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த மனுஷனிடம் போய் எந்த வாயால் சொல்வது? கையெழுத்தை நானே போட்டேன். நைனாவின் கையெழுத்து சுலபம். மூன்று எழுத்து, கீழே ஒரு கோடு.

எங்களுக்காக வாய் திறந்த ஒரே ஆள் சயின்ஸ் சார். அதற்கு முந்தின ஜூலையில்தான் செவ்வாய் கிரகத்தில் ஆறு சக்கரம் வைத்த ஒரு குட்டி வண்டி இறங்கியிருந்தது. அந்தப் பேப்பர் கட்டிங்கை சார் லேப் சுவரில் ஒட்டி, போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்திக் காட்டுவார். பிப்ரவரியில் பள்ளிக் கண்காட்சி. ஒன்பதாவது முழுக்க செவ்வாய் வண்டி மாடல் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். விதிகள் நாலு. சக்கரம் ஆறு இருக்கணும். பத்தடி செம்மண்ணில் ஓடணும். நடுவில் மூன்று கல் ஏறி இறங்கணும். யாரும் கையால் தொடக் கூடாது.

அதோடு அவர் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு எச்.எம். ரூமுக்குப் போனார்.

"சார், இவனுங்க மார்க்க மட்டும் பாக்காதீங்க. இந்தப் பையன் கை வேலைய வந்து பாருங்க" என்றார்.

எச்.எம். நிமிரவில்லை. "கை வேலைக்கு பப்ளிக் எக்ஸாம்ல மார்க் உண்டா சார்?"

"எக்ஸிபிஷன்ல இவங்க பரிசு வாங்கினா?"

எச்.எம். பேனாவை மூடினார். "சரி. பரிசு வாங்கினா லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடறேன். வாங்கலைன்னா நீங்களும் என்கிட்ட மறுபடி வரக் கூடாது."

வெளியே வந்ததும் பெஞ்ச்மேட் என் முதுகில் ஒன்று போட்டான். "மச்சான், ஆறு சக்கரம் தானே? ஆறுமே ஓடும்டா."

நான் நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது?

முதல் வண்டி அட்டையில் செய்தோம். மோட்டாரையும் நாலு பேட்டரி செல்லையும் மேலே வைத்ததும் நடுவில் தொய்ந்து, நனைந்த அப்பளம் மாதிரி உட்கார்ந்துவிட்டது. நைனா அதைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஐஸ் வண்டியா?"

"செவ்வா வண்டி நைனா. ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு."

"அட்டைல எவன்னா வண்டி செய்வானா? பட்டறைல எவ்ளோ கட்பீஸ் கெடக்குது. டிராயிங் கீதா? டிராயிங் இருந்தா குடு, மெஷின்ல போட்டு எடுத்துர்லாம்."

என் நைனா அதுவரை என் படிப்பு சம்பந்தமாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். டிராயிங் கீதா.

பெஞ்ச்மேட் ரெண்டு நாள் உட்கார்ந்து போட்டான். போட்டானா? செதுக்கினான். முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம், மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று படம். சக்கரத்துக்கு மட்டும் தனியாக வெட்டிக் காட்டிய படம். ஒவ்வொரு அளவுக்கும் ரெண்டு பக்கமும் அம்புக்குறி, நடுவில் எண். வலது கீழ் மூலையில் கட்டம் கட்டி அவன் பெயர், தேதி எல்லாம் அண்ணன் புத்தகத்தில் இருந்தபடியே. நீளம் 30. அகலம் 20. சக்கரம் 6. அந்தப் புத்தகத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் வேறெதுவும் எழுதியிருக்கவில்லை. அதனால் இவனும் எழுதவில்லை.

நைனா அதை வாங்கி டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் ரேங்க் கார்டை அவர் அப்படிப் பார்த்ததே கிடையாது. பிறகு மடிக்காமல் சுருட்டி, பேப்பர் சுற்றி, சாப்பாட்டுப் பையில் நிற்க வைத்தார். குழம்பு படக் கூடாதாம். தூக்குப்பாத்திரத்தை அன்றைக்குக் கையில் தனியாக எடுத்துப் போனார்.

திங்கள் போனார். செவ்வாய் கேட்டேன், "ஆவுது" என்றார். புதன் கேட்டேன், "லேத் ஓட்ற டர்னர் கைல குடுத்துக்கிறேன், அவன் கைல போனா தங்கம்" என்றார். வியாழன் கேட்டதற்கு, "சும்மா நொய் நொய்னாத" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் பெஞ்ச்மேட்டும் வாசலிலேயே நின்றோம். கண்காட்சி திங்கட்கிழமை. முப்பது சென்டிமீட்டர் அலுமினிய வண்டி எப்படியும் ஒரு கோணிப்பையில் வரும், ரயில்வே கேட் வரை போய்த் தூக்கி வரலாமா என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

நைனா வெறுங்கையோடு வந்தார். முகமெல்லாம் பல்.

சட்டைப் பையில் கை விட்டு ஒரு கம்மல் டப்பாவை எடுத்தார். எங்கம்மாவுடையது. சிவப்பு அட்டை, உள்ளே ரோஸ் கலர் தாள். வியாழக்கிழமை அம்மா இதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"தொறடா" என்றார்.

திறந்தேன். ரோஸ் தாளின் மேல் பித்தளையில் ஒரு பொருள். என் கட்டை விரலின் மேல் கணு அளவுக்கு இருந்தது. ஆறு சக்கரம். ஒவ்வொன்றும் சட்டைப் பித்தானை விடச் சின்னது. அதில் வரி வரியாகப் பல் வெட்டியிருந்தது. மேலே சோலார் தகடு. அதிலும் கட்டம் கட்டமாகக் கோடு. விரலால் தள்ளினால் ஆறு சக்கரமும் சத்தமே இல்லாமல் சுற்றின. பாலிஷ் போட்டு, என் மூக்கு தெரியும் அளவுக்குத் தேய்த்திருந்தார்கள்.

எனக்குப் புரியவில்லை. சாம்பிள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சூப்பரா கீது நைனா. வண்டி எங்க?"

"இன்னாடா கேக்குற? இதான் வண்டி."

பெஞ்ச்மேட் டப்பாவை வாங்கிப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். "மாமா, முப்பதுன்னு போட்டிருந்தனே."

"முப்பது தான். வெச்சுப் பாரு. அரை பாயிண்ட் இப்டி அப்டி இருந்தா என்னிய கேளு."

"முப்பது சென்டிமீட்டர் மாமா."

நைனாவின் பல் மெதுவாக உள்ளே போனது. "சென்டிமீட்டரா? டிராயிங்ல எவன்டா சென்டிமீட்டர் போடுவான்? நீ இன்னா துணிக்கடைல ஜாக்கெட் பிட்டு கிழிக்கிறவனா?"

"ஸ்கூல்ல எல்லாமே சென்டிமீட்டர்தான் மாமா."

"பட்டறைல எல்லாமே மில்லிமீட்டர். மூவாயிரம் போட்டாலும் மில்லிமீட்டர். தனியா எழுதவே மாட்டான்."

ரெண்டு பேர் சொல்வதும் சரி. இதுதான் எனக்கு ஆத்திரம். யாராவது ஒருத்தர் தப்பாக இருந்திருந்தால் அவர்மேல் பாய்ந்திருக்கலாம். பெஞ்ச்மேட் சின்னப் பையன் கிறுக்குகிற மாதிரி கிறுக்கிக் கொடுத்திருந்தால் பட்டறையில் எவனாவது, "இன்னா சைஸ்டா வேணும்?" என்று கேட்டிருப்பான். இவன் அம்புக்குறி போட்டு, கட்டம் கட்டி, இன்ஜினியர் மாதிரி கொடுத்தான். அவர்களும் இன்ஜினியர் கொடுத்த மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு செய்துவிட்டார்கள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அய்ய, அழகா கீதே. ஒரு செயின்ல கோத்தா பெண்டன்ட்டா போட்டுக்கலாம்" என்றாள். பெரிய உதவி.

சனிக்கிழமை காலையில் டர்னரே நேரில் வந்துவிட்டார். வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க. கண்ணில் தடிமனான கண்ணாடி, விரல் நுனியெல்லாம் கருப்பு, அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை. விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, நான் அன்னிக்கே கேட்டனா இல்லியா? இவ்ளோ சின்னதா கீதே, பசங்கள ஒரு வார்த்த கேட்டுகினு வான்னு?"

நைனா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

"இன்னா சொன்னாரு தெரியுமா உங்க நைனா?" டர்னர் எங்கள் பக்கம் திரும்பினார். "'டிராயிங்ல தப்பு இருக்காது, நீ மெஷின்ல போட்டு அடி'ன்னாரு. ஆறு எம்எம் சக்கரத்துக்கு நடுவுல ஒன்னர எம்எம் ட்ரில்லு ஓட்டிக்கிறேன். ரெண்டு பிட்டு புட்டுகிச்சி. மூணு நாளு சாப்பாட்டு டைம்ல சாப்புடல."

நைனா சொம்பை வைத்தார். "ஆபீசருங்க டேபிள் மேல சின்னதா வெச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரின்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

இப்போது யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. பெரிய இன்ஜினியர்கள் போட்ட டிராயிங்கில் எத்தனை தப்பு இருக்கும் என்று அவருக்குத் தெரியாததா? பட்டறையில் தினமும் அதற்குத்தானே சண்டை? ஆனால் ஒன்பதாவது படிக்கிற ரெண்டு பேர் போட்ட டிராயிங்கில் தப்பு இருக்காது என்று ஒரு மனுஷன் முடிவு கட்டியிருக்கிறார். போய்க் கேட்டால் அந்த டிராயிங்குக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்திருக்கிறார். இப்படிப்பட்ட மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு அன்றைக்குத் தேவை முப்பது சென்டிமீட்டர்.

கையில் ரெண்டு நாள். ரெண்டு நாளும் பட்டறைக்கு லீவு, பூட்டிக் கிடந்தது. பெஞ்ச்மேட் எங்கள் வீட்டு டால்டா டின்னைக் காலி செய்யச் சொன்னான். அம்மா அரை டின் டால்டாவைச் சட்டிக்கு மாற்றும்போது எங்கள் பரம்பரையையே திட்டினாள். டர்னர் டின்னை வெட்டித் தட்டையாக்கிக் கொடுத்தார். நைனா பரிகாரம் செய்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? வெட்டின தகரத்தின் ஓரமெல்லாம் அரம் வைத்துத் தேய்க்காமல் அடுத்த வேலைக்கு விடமாட்டேன் என்றார்.

"நைனா, நேரம் இல்ல."

"ஓரம் கிழிச்சிரும்டா. அப்டியே உட்டா பட்டறைல அடிக்க வருவாங்க."

"இது பட்டறை இல்ல நைனா!"

"அதுக்கு?"

ஞாயிறு மத்தியானம் வரை ரெண்டு ஃபிட்டிங் ஜாம்பவான்களும் டால்டா டின்னின் ஓரத்தைத் தேய்த்தார்கள். வீடு முழுக்கத் தகர வாசனை, பல் கூசும் சத்தம். அதற்குள் பெஞ்ச்மேட், அட்டை வண்டியின் மோட்டார் தகரத்தை இழுக்காது என்று, அவர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரைப் பிரித்து மோட்டாரை எடுத்து வந்தான், அண்ணனிடம் அறை வாங்கிக்கொண்டு. சக்கரத்துக்கு ஹவாய் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டினோம். ஒரு செருப்பில் நாலுதான் தேறியது. ஆறு வேண்டுமே, அதனால் ரெண்டாவது செருப்பும் போயிற்று. அதுவும் வேகமாகச் சுற்றும், ஆனால் பலம் போதாது. அதனால் நூல்கண்டுக் கட்டைகளை அச்சில் கோத்து, சைக்கிள் வால்வு டியூபை பெல்ட்டாக மாட்டி, வேகத்தைக் குறைத்தான். குறைத்தான், குறைத்தான், கடைசியில் வண்டி நகர்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் எதை வைத்தாலும் ஏறியது. அம்மாவின் அரிவாள்மணைக் கட்டை மேல்கூட ஏறி இறங்கியது.

"ரொம்ப ஸ்லோடா" என்றேன்.

"சார் ஒட்டி வெச்ச கட்டிங்க படிக்கலியா நீ? உண்மையான வண்டியே செகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான்டா போகும். இதும் அதே ஸ்பீடு." அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பத்தடிக்கு அஞ்சு நிமிசம். நின்னு பாத்தானுங்கன்னா நம்மதான் மச்சான்."

நின்னு பாத்தானுங்கன்னா.

திங்கட்கிழமை. ஹாலில் பலகை அடித்து, பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்திலிருந்து அள்ளி வந்த மண்ணோடு செம்மண் கலந்து பரப்பியிருந்தார்கள். மூன்று கல். நைனா அரைநாள் பர்மிஷன் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். கையில் கம்மல் டப்பா.

"அத்த ஏன் நைனா எடுத்துகினு வந்த?"

"டர்னர் மூணு நாளு கண்ண குடுத்து செஞ்சிக்கிறான். ஓரமா இருந்துட்டுப் போவட்டும்."

எங்கள் மேஜையில் கைக்குட்டை விரித்து, அதன்மேல் பித்தளை வண்டியை வைத்தார். பின்னால் டிராயிங்கைக் குண்டூசியால் குத்தினார். நான் திரும்பிக்கொண்டேன். சண்டை போட நேரமில்லை.

சீஃப் கெஸ்ட் ஏதோ ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஜிப்பா, வாசனை. எச்.எம். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். முதலில் ஏ செக்‌ஷன் வண்டி. வண்டியா அது? ரிமோட் கார். கடையில் வாங்கி, மேலே தெர்மோகோலும் வெள்ளிப் பேப்பரும் ஒட்டியிருந்தார்கள். சக்கரம் நாலுதான், மீதி ரெண்டை ஃபெவிகாலில் ஒட்டியிருந்தார்கள். எட்டு செகண்டில் பாதி தூரம் பறந்தது. ரெண்டாவது கல்லில் குப்புற விழுந்தது. ஒரு பையன் குனிந்து கையால் நிமிர்த்திவிட்டான். கைதட்டல். கையால் தொடக் கூடாது என்ற விதி காற்றில் போனது. சயின்ஸ் சார் வாயைத் திறந்தார், எச்.எம். பார்த்த பார்வையில் மூடினார்.

அடுத்து நாங்கள். பெஞ்ச்மேட் வயரை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தான். டால்டா வண்டி கிளம்பியது. முன் சக்கரம் முதல் கல்லைத் தொட்டது, யோசித்தது, ஏற ஆரம்பித்தது.

எச்.எம். குனிந்தார். "இது நகருதா?"

"நகருது சார். உண்மையானதும் இந்த ஸ்பீடுதான் சார்" என்றான் பெஞ்ச்மேட்.

சீஃப் கெஸ்ட் அரை நிமிஷம் பார்த்தார். நியாயமாகச் சொல்கிறேன், அரை நிமிஷம் பார்த்தார். பிறகு அவர் கண் மேஜைப் பக்கம் போனது.

"இது என்ன?"

பித்தளை வண்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். விரலால் தள்ளினார். உள்ளங்கையிலேயே முன்னும் பின்னும் ஓட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அறுபது வயசு ஆள் ஆறு வயசுப் பையனாக ஆனார். "அடேயப்பா. யார் பண்ணினது?"

எச்.எம். நைனாவைக் காட்டினார். "இவர் ஒரு பேரண்ட் சார். இந்தப் பையனோட அப்பா."

சீஃப் கெஸ்ட் என் தோளில் கையை வைத்தார். கனமான கை. நைனாவைப் பார்த்துச் சிரித்தார். "உங்க பையன் பண்ணினதா?"

மக்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே வார்த்தை. "ஆமாங்க." அதைச் சொல்லியிருந்தால் போதும். வேண்டாம், "பசங்க சேர்ந்து பண்ணாங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். அதுகூட முழுப் பொய் இல்லை. ஆனால் லிஸ்ட் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நான்தானே மறைத்தேன்.

"இல்லிங்க சார்" என்றார் நைனா, ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு. "இவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. டிராயிங் போட்டது தோ, இந்தப் புள்ள. அடிச்சது எங்க பட்டறை டர்னரு. இவன் கூடமாட இருந்தான், அவ்ளோதான்."

சீஃப் கெஸ்டின் கை என் தோளிலிருந்து எழுந்து பெஞ்ச்மேட்டின் தோளுக்குப் போனது. டிராயிங்கைப் பார்த்தார். "இந்த வயசுல இப்படி ஒரு டிராயிங்கா?" என்றார். சிறப்புப் பரிசு என்றார். அவனை மைக்குக்கு இழுத்துப் போனார்கள். "சார், ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார்..." என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. மைக்குக்குக் கேட்கவில்லை. மொத்தக் கூட்டமும் மேடைப் பக்கம் போயிற்று. நைனாவும் போனார், எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்ட.

பலகைக்குப் பக்கத்தில் நானும் சயின்ஸ் சாரும் மட்டும். டால்டா வண்டி மூன்றாவது கல்லில் ஏறிக்கொண்டிருந்தது. இறங்கியது. பத்தடியும் ஓடி, கோடிப் பலகையில் முட்டி, அதையும் ஏறப் பார்த்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் பத்து செகண்ட்" என்றார். அன்றைக்கு அந்த ஹாலில் விதிப்படி ஓடின ஒரே வண்டி அதுதான். நான் வயரைப் பிடுங்கினேன்.

பித்தளை வண்டியை எச்.எம். பள்ளியின் நினைவுப் பரிசாக சீஃப் கெஸ்டுக்கே கொடுத்துவிட்டார், டப்பாவோடு. யாரையும் கேட்கவில்லை. அம்மா அந்த வாரம் முழுக்க, "அந்த டப்பாவையாவது கேட்டு வாங்கிகினு வந்திருக்கலாம்ல ரெண்டு பேரும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் லிஸ்ட் ஒட்டினார்கள். ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அது என் பெயர் இல்லை. சயின்ஸ் சார் மறுபடி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பரிசு வாங்கினா பேரை எடுக்கறேன்னேன். வாங்கினவன் பேரை எடுத்துட்டேன்" என்றார் எச்.எம்.

"ரெண்டு பேரும் ஒரு டீம் சார். வண்டி பத்தடி ஓடிச்சு, நான் பாத்தேன்."

"நான் பாக்கலையே. அதுவும் இல்லாம, இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இவன் அப்பாவே சொன்னாரே சார். பெத்தவரை விட உங்களுக்குத் தெரியுமா?"

சார் எங்களைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். எச்.எம். கேட்டதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

பெஞ்ச்மேட் வெளியே வந்து, "நானும் டி.சி. வாங்கிக்கிறேன் மச்சான்" என்று அழுதான். "லூசாடா நீ, போய்ப் படி" என்று அனுப்பினேன். அதைச் சொன்னபோது அவன்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவன் என்ன தப்பு செய்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டி.சி.யை நைனாவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கள்ளக் கையெழுத்து உட்பட. அடி விழும் என்று தள்ளியே நின்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் கொடுமை. "சொல்லியிருந்தாலும் டிராயிங் அவன்தானே போட்டான்" என்றார்.

அடுத்த பத்து நாள் வேலைக்கு லீவு போட்டு, சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து, அம்பத்தூர், நூம்பல், பூந்தமல்லி என்று ஒவ்வொரு பள்ளி வாசலிலும் போய் நின்றார். எல்லா இடத்திலும் "ஏன் டி.சி. குடுத்தாங்க?" என்று கேட்டார்கள். எல்லா இடத்திலும் அவர், "பையன் கணக்குல கொஞ்சம் வீக்கு" என்று உண்மையைச் சொன்னார். நாலு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். பூந்தமல்லியில் அஞ்சாவது பள்ளியில் எடுத்துக்கொண்டார்கள். போக வர ரெண்டு பஸ். பத்தாவது பாஸானேன், பிறகு காலேஜும் போனேன். அதையெல்லாம் சாதனையாகச் சொல்லவில்லை, நடந்தது.

பெஞ்ச்மேட்டும் நானும் அதற்குப் பிறகு அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இதை எழுத உட்காரும் முன் ஹாலுக்குப் போய் நைனாவிடம் நேராகவே கேட்டேன். "அன்னிக்கு அந்தாளு கேட்டப்ப, ரெண்டு பசங்களும் சேந்து பண்ணாங்கன்னு சொல்லியிருக்கலாம்ல நைனா?"

ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீ ஒரு கோடாவது போட்டியா அதுல?"

போடவில்லை. தகரத்தைப் பிடித்தேன், செருப்பு வெட்டினேன், கடைசியில் வயரைப் பிடுங்கினேன். டிராயிங்கில் ஒரு கோடுகூட நான் போடவில்லை.

நைனாவுக்கு எழுபத்தாறு வயசு, வலது காது கேட்காது. பதில் சொன்னதோடு டி.வி. பக்கம் திரும்பிவிட்டார்; இப்போது ஹாலில் வால்யூம் முப்பத்தெட்டில் ஓடுகிறது.